தாலாட்டாகப் பாட வேண்டிய பாட்டு

ஆஸ்திரியாவின் ஓபன்டார்ஃப் என்னும் ஊரில், ஜோசப் மோர் என்னும் குருவானவர் எழுதி, ஃபிரான்ஸ் சேவர் குரூபர் என்னும் பள்ளி ஆசிரியர் மெட்டமைத்து, 1818 டிசம்பர் 24 அன்று புனித நிக்கோலஸ் ஆலயத்தில் கிதாரின் துணையோடு முதன்முதலாகப் பாடப்பட்ட 'சைலன்ட் நைட்' என்னும் கிறிஸ்துமஸ் பாடல், எளிய மெட்டுடையதாயினும் பாடகர் குழுவைக் கடுமையாகச் சோதிப்பதாகும்.

அதன் தாளம் ஆறு-எட்டு. அதாவது, ஒரு தாளச் சுற்றுக்குள் வரும் ஆறு சிறு எண்ணிக்கைகள் மும்மூன்றாகச் சேர்ந்து இரண்டு தட்டுகளாக அமைவது. ஆதலால், பயிற்றுநர் ஆறையும் தனித்தனியே அழுத்தி எண்ணினால் தொட்டிலின் ஆட்டம் போய் நடை கனத்துவிடுகிறது. இதனினும் பெரிய சிக்கல், குழந்தையைத் துயிலச் சொல்லும் வரியிலேயே மெட்டின் உச்ச சுரம் வருவதுதான். சொப்ரானோ எனப்படும் மேற்குரலினர் அங்கே தம்மையறியாமல் முழங்கிவிடுவர் (உறங்கும் பிள்ளையும் விழித்துவிடும்).

ஆகவே, முதலில் சுரமின்றிச் சொற்களைத் தாளத்தோடு மெல்லச் சொல்லவைத்து, பின்னர் வாய்மூடி ஓசை எழுப்பச் செய்து, அதன் பிறகே பாடவைப்பதும், அனைவரும் ஒரே இடத்தில் மூச்சிழுக்காமல் ஒருவர் மூச்செடுக்கும்போது அருகிலிருப்பவர் தொடர்ந்து பாடும் முறையைப் பழக்குவதும் பயன் தரும். அந்த உச்ச சுரத்தை மென்மையாகத் தொட இயலாத குழு இன்னும் ஆயத்தமாகவில்லை.