பொய்த்தோற்றமும் மெய்ப்பயிற்சியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட யாம் யந்திரங்களைப் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பாயிருத்தல் கூடும். எம்மிடம் பயின்ற மாணாக்கருட் பலர் இன்று ஆலைகளிலும் காற்றாலைகளிலும் ஊழியம் புரிகின்றனர். அவர்கள் பத்து விரல்களும் குறைவின்றி மாலையில் வீடு திரும்ப வேண்டுமென்னும் கவலையே எம்மை இப்பொருளை எடுத்துக்கொள்ளச் செய்தது.

நம் பொருநை நாட்டிற்கு யந்திரத் தொழில் புதியதன்று. 1880-களிலேயே பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையைக் கொண்டு ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை நடத்தத் தொடங்கினர். 1944-இல் பாபநாசத்தில் நீர்மின் நிலையமும் இயங்கலாயிற்று. அக்காலத் தொழிலாளி தன் தொழிலைக் கற்றது எங்ஙனம்? மேஸ்திரியின் பின்னே நின்று, அவர் செய்வதைப் பார்த்து, அவர் ஏவியதைச் செய்து கற்றான். அம்முறையிற் சிறப்பு உண்டு. ஆயினும் பிழையின் விலையைக் கற்பவனுடைய உடம்பே செலுத்திற்று.

கற்பவன் பிழை செய்யவும் வேண்டும். அப்பிழையால் ஊறு நேராதிருக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே முடிக்கும் உபாயத்தை அறிஞர் நெடுநாளாகத் தேடினர். 1929-இல் அமெரிக்க நாட்டு எட்வின் லிங்க் என்பார், தம் தந்தையாரின் இசைக்கருவித் தொழிற்சாலையிற் பழகிய துருத்திகளைக் கொண்டு, தரையிலிருந்தபடியே விமானம் ஓட்டப் பழகும் பெட்டியொன்றை அமைத்தார். 1968-இல் ஐவன் சதர்லாந்து என்பார் தலையில் அணிந்து பார்க்கும் கருவியொன்றைச் செய்தார். அதன் பாரம் மிகுதியாதலின் அதனைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. அவ்வகைக் கருவியே இன்று பெருங்கண்ணாடி அளவிற்குச் சுருங்கி, மெய்ந்நிகர்த் தோற்றம் காட்டும் சாதனமாக விளங்குகின்றது.

பாவனையாற் பழகுதலின் பயனைக் காணத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் மாவட்டத்துக் கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுடைய இரண்டு அணு உலைகள் 2013-இலும் 2016-இலும் மின்தொகுப்பில் இணைந்தன. அவற்றை இயக்குவோர் பழகுதற்பொருட்டு, கட்டுப்பாட்டு அறையை அச்சாக ஒத்த சிமுலேட்டர் ஒன்று ஆங்குளது. மெய்யான உலையில் நிகழலாகாத இடர்களை அதில் வேண்டுமென்றே நிகழ்த்திப் பழகுகின்றனர். 1979-இல் அமெரிக்காவின் மூன்று மைல் தீவு நிலையத்தில் ஒரு வால்வு மூடாது நின்றுவிட, பலகை விளக்கைக் கண்ட ஊழியர் அது மூடியதாகவே கொண்டனர், பெருவிபத்து விளைந்தது. அதன்பின்னரே இத்தகைய பயிற்சியின் அருமை உலகிற்கு நன்கு விளங்கிற்று.

பழுதுபார்க்கும் தொழிலுக்கும் இது பொருந்தும். பணகுடி, இராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளை எண்ணிப் பாருங்கள். தென்மேற்குக் காற்று வீசுங்காலத்தில் அவை ஓடவேண்டும். காற்றடங்கிய மாதங்களிற் பழுதுபார்த்தலை முடித்துக்கொள்ள வேண்டும். மாணவன் ஒருவன் கற்பதற்காக ஓடும் யந்திரத்தை நிறுத்துவார் யார்? கண்ணாடி அணிந்த மாணவனோ எம்மாதத்திலும் அவ்வுயரத்துக் கூண்டிற்குள் நிற்பதாகக் காண்பான். மின்னிணைப்பைத் துண்டித்தல், பூட்டிடுதல், திறவுகோலைத் தன்னிடமே வைத்தல், மின்னோட்டம் இல்லையெனச் சோதித்தல், பின்னரே மூடியைக் கழற்றுதல் என்னும் முறையை நூறுமுறை பழகுவான். ஒரு படி தவறினாற் பொய்யான தீப்பொறி எழும். மெய்யான உயிர் தப்பும்.

ஆயினும் இக்கருவியால் ஆகாதனவும் உள. நட்டு எவ்வளவு இறுகிற்று என்பதைக் கையே அறியும். பேரிங் சூடேறிய நாற்றத்தை மூக்கே அறியும். ஸ்பானரின் பாரம் தோற்றத்தில் இல்லை. கண்ணாடி அணிந்த சிலருக்குத் தலைசுற்றலும் உண்டாகும். யாப்பிலக்கணம் ஓதியவரெல்லாம் கவிஞராகிவிடுவதில்லை. அதுபோல் தோற்றத்திற் பழகியவரெல்லாம் தேர்ந்த பிட்டராகிவிடார். ஆதலின் இதனை மேஸ்திரிக்கு மாற்றாகக் கொள்ளற்க; அவரிடம் செல்லுமுன் முடிக்கத்தக்க முதற்பாடமாகக் கொள்க.

இனி, யாம் வற்புறுத்த விரும்புவன இரண்டு. பல தொழிற்சாலைகளில் இடர்மிக்க வேலை ஒப்பந்தக் கூலியாக வருவோர் தலையிலேயே விழுகின்றது. பயிற்சியோ நிலையான ஊழியருக்கே முதலிற் கிடைக்கின்றது. புதுக்கருவியும் அவ்வழியே சென்றால் அதனாற் பெரும்பயனில்லை. நம்மவருள் தொழில் நடத்தும் செல்வர்கள், ஒருநாட் கூலிக்கு வருபவனுக்கும் அப்பயிற்சியை அளித்தல் வேண்டும்.

மற்றொன்று நம் பெற்றோர்க்கு. தமிழ்நாட்டில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய கருவிகளுடன் மேம்படுத்த 2022-இல் ஒப்பந்தம் செய்யப்பட்டது. நம் பேட்டையிலேயே அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கின்றது. கங்கைகொண்டானிற் சூரியமின் தகடு செய்யும் ஆலையில் நம் பெண்மக்கள் பணிபுரிகின்றனர். இருந்தும் பட்டம் பெறுபவனை மேலோனாகவும் ஸ்பானர் பிடிப்பவனைக் கீழோனாகவும் எண்ணும் மனப்பான்மை நம் வீடுகளை விட்டு நீங்கவில்லை. கல்லூரி மாணவர்க்கு உதவும் நம் கல்வி நிதி, தொழில் பயிலும் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் அவ்வளவே உதவுதல் முறையன்றோ? அடுத்த செயற்குழுவில் அன்பர்கள் இதனை ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.