பிள்ளைகளின் கைபேசியும் பெற்றோரின் சம்மதமும்

(ராயபுரத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் குழந்தைகள் வார்டு ஊழியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் வார்டுக்கு வாங்கிய கட்டில், மாற்றிய கூரை, வந்து குணமாகிப்போன பிள்ளைகள் ஆகியவற்றின் கணக்கைச் சொல்லி, நன்றி கூறி உட்காருவோம். அந்தக் கணக்கு உங்கள் கையிலுள்ள தாளில் இருக்கிறது. இன்று வேறொரு காரியத்தைப் பேச அனுமதி கேட்டு வந்திருக்கிறோம். அதில் எங்கள் தவறும் அடங்கியிருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கும். தகப்பன்மார் வீட்டில் இருப்பார்கள். அப்படி ஒரு தடைக்காலத்தில் ஒரு தகப்பனார் தம் 14 வயது மகனை அழைத்து வந்தார். அதற்கு முன் தாய் இரண்டு முறை அழைத்து வந்திருந்தார். தலைவலி, கண் எரிச்சல், வகுப்பில் தூக்கம் என்றார். கண்ணைப் பார்த்தோம், இரத்தம் பார்த்தோம், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினோம். மூன்றாம் முறை வந்த தகப்பனார் ஒரே வாக்கியத்தில் நோயைச் சொல்லிவிட்டார்: "நான் கடல்ல இருக்கச் சொல்லோ தெரியல டாக்டர். ராத்திரி ரெண்டு மணிக்கும் போனை வச்சிக்கினு முழிச்சிக்கினு இருக்கான்."

தாய் மீன் விற்பவர். ஏலத்துக்காக விடியுமுன்பே துறைமுகத்துக்குப் புறப்பட்டுவிடுவார். தகப்பன் கடலில், தாய் ஏலத்தில். பையனுக்குத் துணை கைபேசி. "எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்?" என்று இரண்டு முறையும் நாங்கள் கேட்கவில்லை. இப்போது அந்தக் கேள்வியைப் புறநோயாளிச் சீட்டிலேயே அச்சடித்திருக்கிறோம்.

பையனிடம் மெதுவாகப் பேசியபோது, அவனுடைய கணக்கில் வயது 24 என்று இருந்தது தெரிந்தது. கணக்கு தாயின் எண்ணில் இருந்தது. ஓடிபி வந்ததும் அதே போனுக்குத்தான். "நீங்கள் சம்மதம் கொடுத்தீர்களா அம்மா?" என்று சிஸ்டர் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். "அந்தப் போனையே அவன்தான் சிஸ்டர் எனக்குப் போட்டுக் குடுத்தான்."

இந்தப் பதிலை மனதில் வைத்துக்கொண்டு சட்டத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் 9-ஆம் பிரிவு பிள்ளைகளைப் பற்றியது. 18 வயது நிறையாத ஒருவருடைய விவரங்களை எந்த நிறுவனம் கையாள விரும்பினாலும், சரிபார்க்கத்தக்க விதத்தில் பெற்றோரின் சம்மதத்தை முதலில் பெறவேண்டும். பிள்ளை எதைப் பார்க்கிறது என்று பின்தொடர்வதும், அதை வைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் பற்றிய பகுதி 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்று அவற்றிலேயே எழுதியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் 2027 மே.

நல்ல சட்டம்தான். பின்தொடரக் கூடாது என்ற வரி மட்டும் உண்மையாகவே நிறைவேறினால், எங்கள் வார்டுக்கு அது ஒரு பெரிய உதவி. ஆனால் சம்மதம் கேட்கும் ஏற்பாடு, பிள்ளை தன்னைப் பிள்ளை என்று சொல்லும் இடத்தில்தான் தொடங்குகிறது. 24 என்று எழுதிய பையனிடம் யாரும் தாயைக் கேட்கப்போவதில்லை. கேட்டாலும், தாயின் அடையாளத்தை டிஜிலாக்கர் போன்ற வழியில் சரிபார்க்கலாம் என்கின்றன விதிகள். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் எத்தனையோ வீடுகளில் அந்தக் கணக்கைத் திறந்து கொடுப்பதும் அதே பிள்ளைதானே! ஒரே போன் உள்ள வீட்டில் பூட்டும் சாவியும் ஒரே பையில் கிடக்கின்றன.

அமெரிக்காவில் 1998-லேயே இப்படி ஒரு சட்டம் வந்தது. 13 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது. இன்று பல செயலிகளில் காணும் 13 என்ற எல்லை அங்கிருந்து வந்ததே. அதன் பலனாகப் பிள்ளைகள் பிறந்த வருடத்தை மாற்றி எழுதப் பழகினார்கள்.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போயிருக்கிறது. 2025 டிசம்பர் 10 முதல் அங்கே 16 வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. பெற்றோர் சம்மதித்தாலும் முடியாது. தடுக்கவேண்டிய பொறுப்பு நிறுவனத்தின் மேல். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை இல்லை. அதே மாதம் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அப்படி ஒரு சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று கூறியது. அந்தக் கிளைக்கு இது புதிதல்ல. 2019 ஏப்ரலில் டிக்டாக்கைத் தடைசெய்யும்படி இடைக்கால உத்தரவிட்டு, மூன்றே வாரத்தில் அதை விலக்கிக்கொண்டதும் அதுவே. 2020 ஜூனில் மத்திய அரசு டிக்டாக்கை நிறுத்தியது நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு. பிள்ளைகளை முன்னிட்டு அல்ல. பிள்ளைகள் அடுத்த மாதமே ரீல்ஸுக்குப் போய்விட்டார்கள்.

இராத்திரி இரண்டு மணிக்கு மீன் கூடையைத் தூக்கும் தாயின் தலையில் இன்னொரு கூடையை வைப்பதைவிட, நிறுவனத்தின் தலையில் வைப்பதே நியாயம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இதே நோக்கில், தமிழக அரசு 2025 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 18 வயது எல்லையும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடையும் விதித்தது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய அரசு அத்தகைய விளையாட்டுகளையே தடைசெய்தது. அந்த ஐந்து மணி நேரத்தைத் தேர்ந்தவர்கள் காசிமேட்டை நினைத்துத் தேர்ந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எங்கள் வீடுகள் வெறுமையாகும் நேரம் அதுவே.

பெற்றோர் கையில் எல்லா அதிகாரத்தையும் கொடுப்பதிலும் எங்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. 17 வயதுப் பெண் ஒருத்தி, படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று எங்கள் சிஸ்டருக்குச் செய்தி அனுப்பியது கைபேசியில்தான். 1098 என்ற எண்ணை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே கைபேசியில்தான். அவள் எதைப் பார்க்கலாம் என்று முடிவுசெய்ய அவளுடைய தகப்பனாரை நியமித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆறு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் ஒரே வேலி போடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

இனி எங்கள் தவறு. அறுவை சிகிச்சை முடிந்து சிரித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியைப் படம் எடுத்தோம். தாய் தலையசைத்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். ஆதரவாளர் ஒருவருக்கு அனுப்பினோம். அவர் நல்ல எண்ணத்தோடு, ஜெபிக்கும்படி, தம் சபையின் வாட்ஸப் குழுவில் போட்டார். சில மாதங்களில் அது திருவொற்றியூரில் அந்தத் தாயின் நாத்தனார் போனுக்கே வந்து சேர்ந்தது, பிள்ளையின் பெயரோடும் நோயின் பெயரோடும். தாய் வார்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "நாளைக்கு இவளைக் கட்டிக் குடுக்கணுமே டாக்டரம்மா, யாரைக் கேட்டு அனுப்பினீங்க?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

புதிய விதிகளில் மருத்துவமனைகளுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. பிள்ளையின் உடல்நலத்தைக் காக்கத் தேவையான அளவுக்கு, மருத்துவ சேவைக்காக மட்டும், பெற்றோர் சம்மத விதி பொருந்தாது. நன்கொடை கேட்கும் கடிதத்தில் படம் போடுவது மருத்துவ சேவை ஆகாது. சட்டம் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று முடிவுசெய்தோம். தமிழில் ஒரு பக்கப் படிவம் தயாரித்திருக்கிறோம். வாசிக்கத் தெரியாத தாய்க்கு சிஸ்டர் வாசித்துக் காட்டுவார். படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று சொல்லுவார். பிள்ளை விவரம் தெரிந்த வயதானால் பிள்ளையையும் கேட்போம். வேண்டாம் என்றால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது. வியாழன் மாலைகளில் தாய்மாருடன் உட்கார்ந்து, அவரவர் போனில் இரவு நேரப் பூட்டும் வயது அமைப்பும் போட்டுக் கொடுக்கிறோம். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் செய்கிறோம். ஒளித்துச் செய்தால் மறுநாளே அவிழ்த்துவிடுவான்.

ஆகையால் அடுத்த இதழ்களில் பிள்ளைகளின் முகங்கள் குறைவாக இருக்கும். கட்டிலையும் கைகளையும் முதுகுப்பக்கத்தையும் பார்ப்பீர்கள். சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளும்படி கேட்கிறோம். முன்பு நாங்கள் அனுப்பிய படங்கள் உங்கள் கைபேசியிலோ சபைக் குழுவிலோ இருந்தால், இன்று வீடு திரும்பியதும் தயவுசெய்து அவற்றை நீக்கிவிடுங்கள். எப்படி நீக்குவது என்று தெரியாதவர்களுக்குக் காட்டிக்கொடுக்க, வாசலில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு சிஸ்டர்மார் உட்கார்ந்திருப்பார்கள்.