குடியை விட்டவர் அளவாகக் குடிக்கலாமா?

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குடிப் பழக்கத்தினின்று மீண்டு சில ஆண்டுகள் ஆனவர்களை நாம் ஊர்தோறும் காண்கிறோம். தரிசாய்க் கிடந்த அவர்களுடைய நிலத்தில் இன்று பயிர் நிற்கிறது. அடகு போன நகை வீடு திரும்பியிருக்கிறது. இத்தகையவர் மனத்தில் ஒரு நாள் ஓர் எண்ணம் தோன்றும்: "உடம்புதான் தேறிவிட்டதே, விசேஷ நாளில் மட்டும் அளவாகக் குடித்தால் என்ன?" அருகிலிருப்போரும், "அளவுக்கு மிஞ்சினால்தானே அமிர்தமும் நஞ்சு?" என்று பழமொழி கூறித் துணை நிற்பர். இக்கேள்விக்குக் கோபத்தால் அன்றி அறிவினால் விடை காண வேண்டும்.

மருத்துவ உலகம் இதை நெடுங்காலம் ஆராய்ந்துள்ளது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் டி. எல். டேவிஸ் 1962-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற 93 பேரில் 7 பேர், பல ஆண்டுகள் சென்றபின் இயல்பான அளவில் குடித்து வருவதாக அதில் கூறினார். அறவே விடுதல் ஒன்றே வழியெனக் கருதியிருந்த மருத்துவர்களிடையே பெரும் விவாதம் மூண்டது. பின்னர் கிரிஃபித் எட்வர்ட்ஸ் என்னும் மனநல மருத்துவர் அதே எழுவரின் வரலாற்றையும் மீண்டும் ஆராய்ந்து, 1985-இல் முடிவை வெளியிட்டார். அவர்களுள் ஐவர், டேவிஸ் கவனித்த காலத்திலும் அதன் பின்னரும் குடியினால் பெருந்தொல்லை அடைந்திருந்தனர். தொல்லையின்றிக் குடித்தவர் இருவரே. அவ்விருவரில் ஒருவர் தொடக்கத்திலேயே கடுமையான குடிநோயாளி அல்லர்.

அமெரிக்காவில் ஜார்ஜ் வேலண்ட் என்னும் மருத்துவர், 60 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஆடவர்களைப் பற்றி 2003-இல் எழுதினார். அளவுக் குடிக்குத் திரும்பியவர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் அந்நிலையில் நிற்பது அரிது. அவர்கள் பழைய குடியில் வீழ்ந்தனர், அல்லது அறவே விட்டனர். ஐந்தாண்டுகள் முற்றிலும் விட்டிருந்தவர் மீண்டும் வீழ்வதோ அரிதாயிற்று.

இவற்றால் நாம் அறிவது யாது? பழக்கம் நோயாக முற்றாதவர் அளவைக் குறைத்தல் இயலும், அதுவும் நன்மையே. ஆனால், காலையில் குடித்தாலன்றிக் கை நடுக்கம் நிற்காத நிலையை ஒருமுறை அடைந்தவர் செய்தி வேறு. மதகின் பலகை உடைந்த ஏரியிலிருந்து அளவாக நீர் பாய்ச்சுவது எங்ஙனம்? அவருக்கு முதல் மிடறே மிஞ்சிய அளவாகும்.

ஊரார் செய்யத்தக்கவை சில உள. முதலாவதாக, நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை வீட்டில் அடைத்து வைத்துத் திடீரென நிறுத்தச் செய்தல் ஆகாது. ஓரிரு நாட்களில் வலிப்பும் சித்தப் பிரமையும் தோன்றி உயிருக்கே அபாயம் நேரலாம். அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இரண்டாவதாக, டைசல்பிராம் மாத்திரையை அவரறியாமல் சோற்றில் கலந்து கொடுத்தல் கூடாது. அதன்மேல் குடித்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் போகவும் கூடும். மருத்துவர் மேற்பார்வையில், அவரே அறிந்து உட்கொள்ள வேண்டிய மருந்து அது.

மூன்றாவதாக, கல்யாணத்திலும் கிடா விருந்திலும் அறுவடைக் களத்திலும் குடியை விட்டவரிடம் "இன்று ஒரு நாள் மட்டும்" என்று வற்புறுத்தாதீர். நண்பர் நீட்டும் அந்த ஒரு கிண்ணம் அவருடைய மனைவியும் மக்களும் பல ஆண்டுகள் பட்ட பாட்டை ஒரே இரவில் அழித்துவிடலாம்.

ஒருவர் தவறிக் குடித்துவிட்டாலும் "இவன் தேறமாட்டான்" என்று தள்ளிவிடுதல் தகாது. மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்க. ஒரு போகம் பொய்த்ததற்காக எந்த உழவரும் நிலத்தைக் கைவிடுவதில்லை. மனிதரையும் நாம் கைவிடலாகாது.

குடியை விடுவது அவர் பொறுப்பு. விட்டவர் ஊரில் தலைநிமிர்ந்து வாழ இடம் செய்வது நம் அனைவரின் பொறுப்பு.