கோடை விடுமுறையும் பணிப் பயிற்சியும்

பெங்களூரின் வடகிழக்குப் பகுதியில், ஹென்னூர் சாலையை ஒட்டி அமைந்துள்ளது லிங்கராஜபுரம். 1809-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கண்டோன்மென்ட்டைச் சூழ்ந்து வளர்ந்த பகுதிகளைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிகள் மூடப்பட்டதும் இத்தகைய பகுதிகளின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இரு சாராராகப் பிரிவதைக் காணலாம். வசதியுள்ளோர் கட்டணம் செலுத்தி, ‘இன்டர்ன்ஷிப்’ என்ற பெயரில் இரண்டு வாரம் உரைகள் கேட்டுச் சான்றிதழ் பெறுகின்றனர். வசதியற்றோர் கடையிலோ பட்டறையிலோ அடுத்த ஆண்டின் புத்தகச் செலவுக்காக உழைக்கின்றனர். முன்னவருக்கு வேலை கிட்டுவதில்லை. பின்னவருக்கு வேலை கிட்டுகிறது, ஆனால் கற்பிப்பார் இல்லை. வேலையும் கற்பித்தலும் ஒரே இடத்தில் அமைவதற்கு வழி என்ன என்பதே இவ்வுரையின் பொருள்.

பள்ளிப் படிப்பை உழைப்போடு இணைக்க வேண்டும் என்ற கருத்து நம் நாட்டுக்குப் புதியதன்று. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு ‘பணி அனுபவம்’ வேண்டுமென வலியுறுத்தியது. 1977-இல் ஈஸ்வர்பாய் படேல் குழு, சமுதாயத்துக்குப் பயன்படும் ஆக்கப்பணியைப் பாடத்திட்டத்தின் நடுவில் வைத்தது. மறு ஆண்டே, வேலூரில் பிறந்த பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான குழு, மேல்நிலைக் கல்வியைத் தொழிலோடு பிணைப்பதற்கான அறிக்கையை அளித்தது. இவ்வளவுக்குப் பின்னரும் பல பள்ளிகளில் ஆக்கப்பணி, மெழுகுவத்தியும் காகிதப் பூவும் செய்யும் பாடவேளையாகச் சுருங்கிப்போனதைப் பெற்றோர் பலரும் அறிவர். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை விடுமுறை நாட்களிலும் இத்தகைய பயிற்சிக்கு வாய்ப்பளிக்கலாம் என்கிறது. தச்சர், தோட்டக்காரர், குயவர் ஆகியோரையும் ஆசிரியர்களாக ஏற்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

பயன் தரும் இடத்தை இனங்காண்பதில் பொருளாதார நோக்கு ஓரளவு துணைபுரியும். பணம் வாங்கிக்கொண்டு பயிற்சி அளிக்கும் நிறுவனத்துக்கு மாணவன் ஒரு வாடிக்கையாளன். வாடிக்கையாளனிடம் எவரும் வேலையை ஒப்படைப்பதில்லை. அவன் மனம் கோணாதபடி அனுப்பிவைப்பதே அங்கு நோக்கமாகிறது. எனவே முதற்கேள்வி, ‘சான்றிதழ் உண்டா?’ என்பதன்று. ‘இந்த மாணவன் செய்யாவிட்டால் இவ்வேலை நின்றுபோகுமா, அல்லது வேறொருவர் செய்தாக வேண்டுமா?’ என்பதே. அடுத்த கேள்வி, அவ்வேலையைப் பார்த்துத் திருத்துவதற்குக் குறிப்பிட்ட ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறாரா என்பது.

அரசு நடத்தும் தேசியத் திட்டங்கள் நல்லவையே. ஆயினும் இடங்கள் மிகச் சில. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2019-இல் தொடங்கிய ‘யுவிகா’ திட்டம் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குரியது. செலவை நிறுவனமே ஏற்கிறது. முதலாண்டில் ஒரு மாநிலத்துக்கு மூவர் வீதம் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கிராமப்புறப் பள்ளி மாணவருக்கு அதில் முன்னுரிமை தரப்பட்டது, அது நியாயமே. ஆனால் லிங்கராஜபுரத்து மாணவன் அதை மட்டும் நம்பியிருக்க இயலாது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம் நடத்திவந்த கிஷோர் வைக்ஞானிக் புரோத்சாஹன் யோஜனா 2022-இல் ‘இன்ஸ்பயர்’ திட்டத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அறிவியல் அகாதமியின் கோடை ஆய்வு உதவித்தொகை கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்குமே உரியது. நகரத்தில் ஆய்வுக்கூடங்கள் மிகுந்திருப்பதால் மட்டும் பள்ளி மாணவனுக்கு அவற்றின் கதவு திறந்துவிடுவதில்லை.

நடந்து செல்லும் தொலைவில் இருப்பதைப் பார்ப்போம். 1959-இல் தொடங்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சங்கம் லிங்கராஜபுரத்தில், ஹென்னூர் சாலையிலிருந்து பிரியும் ஹச்சின்ஸ் சாலையில் இயங்குகிறது. பள்ளி, தொழிற்பயிற்சி, மறுவாழ்வுப் பணி எனப் பல துறைகளில் அது ஈடுபட்டுள்ளது. இத்தகைய நிறுவனத்தின் வழிகாட்டுதலில் ஒரு மாணவன் செய்யக்கூடிய வேலை ஒன்றைக் கருதுவோம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும் என்பது நடைமுறையிலுள்ள அளவு. நியாயவிலைக் கடை, வங்கி, அஞ்சலகம், மருந்துக் கடை, பேருந்து நிறுத்தம் என வட்டாரத்தின் நாற்பது வாயில்களை அளவு நாடாவால் அளந்து, படி எத்தனை, சாய்தளம் உண்டா, அதன் சரிவு என்ன என்று அட்டவணையிட இரண்டு வாரம் போதும். நாடாவும் நோட்டுப் புத்தகமும் தவிர வேறு செலவில்லை. முக்கோணவியல் பாடத்தில் படித்தது வாயிற்படியில் பயன்படுகிறது. சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர் ஒருவரே அளவுகளைச் சரிபார்க்கும்போது, விதிப்படி அமைந்த சாய்தளமும் முன்னால் நிற்கும் இருசக்கர வண்டியால் பயனற்றுப் போவதை மாணவன் அறிகிறான். அதைப் பாடநூல் சொல்லாது. முடிந்த அட்டவணை மாநகராட்சி அலுவலகத்துக்கும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றும் அதிகாரிகளுக்கும் உதவும்.

சட்ட வரம்பையும் அலுவலர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். 2016-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, குடும்பத் தொழிலில் உதவுதல் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, பதினான்கு வயது நிரம்பாதவரைப் பணியில் அமர்த்தலாகாது. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரை அபாயகரமான தொழில்கள் விலக்கப்பட்டுள்ளன. பயிற்சி என்ற பெயர்ப்பலகையின் கீழ் மலிவான உழைப்பைப் பெறுவோர்க்கு இச்சட்டம் இடந்தரவில்லை. மறுபுறம், கோடையில் கூலி ஈட்டியே தீர வேண்டிய மாணவனிடம் ஊதியமற்ற பயிற்சியின் மேன்மையை விளக்குவது பொருளற்றது. அவனுக்குப் போக்குவரத்துச் செலவும் பகலுணவும் சிறு உதவித்தொகையும் அளிக்காத எத்திட்டமும் வசதியுள்ளோர்க்கே போய்ச்சேரும்.

இவற்றைவிடக் கடினமானது, இடம் கிட்டுவது. இன்று அது பெரும்பாலும் தந்தையின் நண்பர் வழியாகவே கிட்டுகிறது. தகவலும் ஒரு மூலதனம். அது எல்லா வீடுகளிலும் சமமாக இருப்பதில்லை. ஜெர்மனியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பளவில் மாணவர்கள் இரண்டு அல்லது மூன்று வாரம் தொழிலகங்களில் பயிற்சி பெறுவது பள்ளிப் பாடத்தின் பகுதியாகவே நடைபெறுகிறது. அவர்கள் அதைப் பற்றி அறிக்கையும் எழுதுகின்றனர். அங்கும் செல்வாக்குள்ள தந்தையர் உண்டு. எனினும் பயிற்சிக்குப் பள்ளி பொறுப்பேற்பதால், எவருமற்ற மாணவனும் விடுபடுவதில்லை.

லிங்கராஜபுரத்தில் ஒரு தலைமையாசிரியர் இதைத் தொடங்க அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரியிலேயே சுற்றுவட்டாரத்து நிறுவனங்கள், நூலகம், அச்சகம், மருத்துவமனை ஆகியவற்றின் பட்டியலைத் தயாரிக்கலாம். பிப்ரவரியில் பள்ளியின் பெயரால் கடிதம் எழுதலாம். மாணவனின் பெயர், வயது, நாளொன்றுக்கு நான்கு மணிக்கு மேற்படாத பணிநேரம், மேற்பார்வையாளர் பெயர், பெற்றோர் ஒப்புதல், முடிவில் ஒப்படைக்க வேண்டிய வேலை ஆகியவை அக்கடிதத்தில் இருத்தல் வேண்டும். மார்ச் மாதத் தேர்வுகளுக்கு முன்னரே பதில் வந்துவிட்டால், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மாணவன் வேலைக்குச் செல்லலாம்.