சாரையின் பலப்பரீட்சை

சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசு காண வரும் பக்தர்கள், சங்கன், பதுமன் என்னும் நாகராஜர்களின் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டு, புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் இட்டு, தகட்டில் செய்த பாம்புருவை உண்டியலில் செலுத்திச் செல்கிறார்கள். அவ்வளவு பக்தியும், வயல் வரப்பில் உயிருள்ள பாம்பைக் கண்டவுடன் எங்கே போய்விடுகிறதோ!

இரண்டு பாம்புகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, முன்னுடலை உயர்த்தி ஆடினால், நல்லபாம்பும் சாரையும் இணைகின்றன என்பார்கள். நல்லபாம்பின் ஆண்தான் சாரை என்று சாதிப்பவர்களும் உண்டு. அப்படியன்று. இரண்டுமே சாரை, பெரும்பாலும் இரண்டுமே ஆண். கோதாவில் இறங்கிய மல்லர்களைப் போல, ஒன்றன் தலையை மற்றொன்று தரையில் அழுத்த முயலும் பலப்பரீட்சை அது. தோற்றது விலகிப் போய்விடும்.

மறுபடியும் சொல்கிறேன்: நல்லபாம்பு வேறு, சாரை வேறு. சாரைக்கு விஷம் இல்லை. நெல்லைத் தின்னும் எலியைத் தின்பது அது. அதைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வந்தது சாரைதானா என்று நிச்சயமில்லையா? தடியை எடுக்க வேண்டாம். எட்ட நின்று, தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.