எதை வைப்பது? எதை எறிவது?
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரை)

 

சென்ற ரமளானில் நிகழ்ந்த ஒன்றைக் கூறித் தொடங்குகிறோம். ஒரு காலையில் பள்ளிவாசல் வாயிலில் வைக்கப்பட்டிருந்த குப்பைப் பையைப் பிரித்த தூய்மைப் பணியாளர் சகோதரியின் உள்ளங்கையை உடைந்த கண்ணாடி கிழித்துவிட்டது. நோன்புக் கஞ்சியின் மிச்சத்தோடு உடைந்த டியூப்லைட்டையும் சேர்த்துக் கட்டி வைத்தவர்கள் வேறு யாருமல்லர், நாமேதான். எதை வைப்பது, எதை எறிவது என்னும் முடிவை வீட்டுக்குள் நாம் எடுக்கத் தவறினால், வீதியில் நிற்கும் ஒருவர் தம் கையால் துழாவி அதை எடுக்க நேரிடுகிறது என்பது அன்று நமக்கு விளங்கியது.

ஆகுமானது, விலக்கப்பட்டது, இரண்டுக்கும் இடையே ஐயத்திற்குரியது எனப் பிரித்தறிய மதரஸாவில் கற்றோம். குப்பைக்கும் அவ்வாறே ஒரு பகுப்பு உண்டு.

முதலில், சோறு, காய்கறித் தோல், மீன் செதில் ஆகியவற்றைத் தனியே வைக்க வேண்டும். தனித்திருந்தால் அவை எருவாகும். காகிதத்தோடு கலந்தால் காகிதமும் பாழாகும். குப்பைமேட்டினடியில் காற்றின்றி அழுகினால் எரியக்கூடிய மீத்தேன் வாயுவாகும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் மூண்ட தீ நாட்கணக்கில் புகைந்ததை நாம் மறந்துவிடலாகாது.

செய்தித்தாள், அட்டைப்பெட்டி, இரும்பு, அலுமினியம், கண்ணாடிப் புட்டி, தண்ணீர் பாட்டில், பால் கவர் ஆகியவை மறுசுழற்சிக்கு உரியவை. இவற்றைக் கழுவி, உலர்த்தி வைப்பது அவசியம். பால் கவரின் மூலையைத் தனியே துண்டித்து விடாதீர்கள். அச்சிறு துண்டு எவர் கைக்கும் அகப்படாமல் சாக்கடையில் சேர்ந்துவிடும்.

பிஸ்கட், சிப்ஸ் உறைகள் பளபளப்பாய் இருப்பினும் பல படலங்களை ஒட்டிச் செய்யப்பட்டவை. அவற்றைப் பிரிப்பது அரிது. காகிதத் தேநீர்க் குவளையின் உட்புறத்திலும் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. எண்ணெய் படிந்த பிரியாணிக் காகிதமும் மறுசுழற்சிக்கு உதவாது.

ஐயத்திற்குரிய பிளாஸ்டிக் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். அது பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லுமே தவிர, மறுசுழற்சியாகும் என்று உறுதி தராது. ஆகவே காயலான் கடைக்காரரிடம் கேளுங்கள். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் என்று சொல்லப்படும் அக்கடையில் விலை போவதே மறுசுழற்சிக்குப் போகும். அவர் மறுப்பதை நல்லெண்ணத்தால் மற்றவற்றோடு கலப்பது, நல்ல சரக்கையும் கெடுப்பதாகும்.

டியூப்லைட்டில் பாதரசம் உண்டு. அதனையும், பேட்டரி, காலாவதியான மருந்து ஆகியவற்றையும் தனியே ஒப்படைக்க வேண்டும். உடைந்த கண்ணாடியையும் குழந்தைகளின் டயப்பரையும் காகிதத்தில் நன்கு சுற்றி, அடையாளமிட்டுக் கொடுக்க வேண்டும்.

இறைவசனம் அச்சிட்ட திருமண அழைப்பிதழ்களைப் பழைய காகிதத்தோடு போட மனம் ஒப்பாது. அவற்றைப் பள்ளிவாசலில் ஒப்படையுங்கள். கால் படாத இடத்தில் கண்ணியமாகப் புதைக்க ஏற்பாடு செய்வோம்.

இவை அனைத்திலும் மேலானது, குப்பையே சேராமல் காப்பது. வரும் ரமளானில் நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகளிடம் பாத்திரம் கொடுத்தனுப்புங்கள்.

பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்றோம். இடரைப் பையில் கட்டிப் பாதையில் வைப்பவர்களாக நாம் இருக்கலாகாது. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.