எந்த ஊரோடு ஒத்துப் போவது?

(பட்டிமன்றத் தலைப்பு: பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் முதலில் தர வேண்டியது ஊர்மொழியா? தாய்மொழியா?)



எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு போடு போட்டார்கள். 'தமிழ்ப் பேராசிரியர், அதுவும் திருத்தணியில நின்னுக்கிட்டு, ஒடியா சொல்லிக்கொடுங்கன்னு பேசப் போறார் பாருங்க' என்றார்கள். பேசத்தான் போகிறேன். திருத்தணியில்தான் பேசவேண்டும். மொழிக்காக எல்லை கேட்டுப் போராடிய மண் இது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1-ல் நம்மோடு சேர்ந்த ஊர். இன்றைக்கும் கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வரும். அதுக்கு யாருக்கும் கோபம் வராது. விலையைக் கேட்டால்தான் வரும்! (சிரிப்பு)

விஷயத்துக்கு வருகிறேன். இதே திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகள் இருக்கின்றன. ஒடிசாவில் பலாங்கீர், நுவாபடா, களஹாண்டி பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கே 'நுவாகாய்' என்று புத்தரிசித் திருநாள், நம்ம பொங்கல் மாதிரி. அந்த நாளையொட்டி முன்பணம் வாங்குகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் ரயில் ஏறுகிறார்கள். ஆனியில் மழை பிடித்தால் சூளை நிற்கும், ஊர் திரும்புவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அப்பா மண் மிதிக்க, அம்மா அச்சில் வார்க்க, பிள்ளை என்ன செய்யும்? ஈரக் கல்லைப் புரட்டிப் போடும். எடை குறைந்த உடம்பு, ஏறி நடந்தாலும் கல் உடையாது பாருங்கள்! பிள்ளை மெலிந்திருப்பதே ஒரு தகுதியாக இருக்கிற தொழில் இது.

எதிரணியில் சொன்னார்கள், 'ஊரோடு ஒத்துப் போகணும்' என்று. எந்த ஊரோடு ஐயா? பாதி வருஷம் அந்த ஊர், பாதி வருஷம் இந்த ஊர். அங்கே சில மாதம் ஒடியாவில் படித்த பிள்ளை, தை மாசம் இங்கே தமிழ் வகுப்பில் கடைசி பெஞ்சு. 'அ'னாவில் தொடங்கி ஆய்த எழுத்துக்கு வருவதற்குள் ரயில் வந்துவிடும். அங்கே போனால் வாத்தியார் ஒடியாவில் கேட்பார். நம்ம மலைக்கு 365 படி. பாதிப்படி ஏறினவனைக் கீழே இறக்கி, 'வேற பாதையில முதல்லேர்ந்து ஏறு' என்று வருஷா வருஷம் சொன்னால், அவன் முருகனையே மறந்துவிட மாட்டானா? (கைதட்டல்)

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், கூடியவரை தாய்மொழியிலேயே கற்பிக்கச் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதே என்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு இந்த மாவட்டத்துச் சூளைகளில் மையங்கள் நடந்தன. ஒடிசா அரசிடமிருந்து பாடப்புத்தகம் வந்தது, ஒடியா தெரிந்தவர்கள் பாடம் நடத்தினார்கள்.

அப்படி ஒரு மையத்துக்குப் போயிருந்தேன். கரும்பலகையில் ஒவ்வொரு எழுத்தும் தலைக்குக் குடை பிடித்த மாதிரி நிற்கிறது. ஒரு பெண் குழந்தை கடகடவென்று வாசித்துவிட்டு, 'நீ வாசி' என்று புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். டாக்டர் பட்டம் வாங்கியவன் முழிக்கிறேன்! அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... தமிழ் வகுப்பில் அந்த முழி அவளுடையதாக இருந்திருக்கும். சிரிப்பு மற்ற பிள்ளைகளுடையதாக இருந்திருக்கும்.

பெருமக்களே, நம் பிள்ளைகளும் பிழைக்கப் போன குடும்பத்துப் பிள்ளைகள்தான். தாராவியைக் கேட்டுப் பாருங்கள். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. 'மராட்டி படிச்சுட்டு வா' என்று அவர்கள் கதவைச் சாத்தியிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா?

2006-ம் வருஷத் தமிழ் கற்கும் சட்டத்தை எதிரணி நினைவூட்டியது. மறுக்கவில்லை. அம்பத்தூரிலோ திருப்பூரிலோ நிரந்தரமாகத் தங்கிவிட்ட குடும்பமா? பிள்ளைக்கு முதல் நாளே தமிழ் கொடுங்கள். நானே வந்து சொல்லித் தருகிறேன். சூளைப் பிள்ளைக்கும் பேச்சுத் தமிழ் வேண்டும். கடைக்குப் போக, ஆஸ்பத்திரியில் வயித்துவலி என்று சொல்ல. ஆனால் கணக்கும் வாசிப்பும் அது விட்ட இடத்திலிருந்து, அதன் மொழியிலேயே தொடரவேண்டும்.

நடுவர் மணியைத் தொடுகிறார், முடித்துவிடுகிறேன். ஆனி மாசம் அந்தப் பிள்ளை ரயில் ஏறும்போது, இங்கே என்ன படித்தது, எந்தப் பாடம் வரை வந்தது என்று ஒடியாவில் எழுதிய ஒரு தாள் அதன் கையில் இருக்கவேண்டும். அங்கே இருக்கிற வாத்தியார் அதைப் பார்த்து, அடுத்த பாடத்தைப் புரட்டவேண்டும். இவ்வளவுதான் எங்கள் அணி கேட்பது.